பதினேழாம் நம்பர் கதவு

என் தங்கை வென்றெடுத்தவை இவை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புகள். பெண்பிள்ளைகளுக்குத் தனியாக, தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறைகள். மழைக்கு ஒழுகாத கூரை. சுற்றுச்சுவர். குடிதண்ணீர்க் குழாய் ஐந்து. மேட்டுப் பள்ளியில் நான்குதான் இருக்கிறது, அதனால் இங்கே ஐந்து. சோதனைச்சாலை என்று பலகை மாட்டிய ஓர் அறை. எல்லாவற்றுக்கும் கடைசியாக, எங்களுக்கே எங்களுக்கென்று பெஞ்சுகள். ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்து படிக்காமல், அந்தப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்துகொண்டே இத்தனையையும் வென்றாள். கல்வி அலுவலகத்துக்குப் போனால் அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றாத காலம் அது.

பள்ளி விழா மலருக்காகப் பள்ளியின் வரலாற்றை எழுதித் தரும்படி இப்போதைய தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். ஐந்தாவதோடு நின்றவளிடம் போய் இதைக் கேட்கிறீர்களே என்றேன். "உங்களுக்குத்தான் எல்லாம் சரியா நினைவிருக்கு" என்றார். நான் தையல்காரி. அளவு தப்பினால் துணி போய்விடும். அந்தப் பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தபோது பள்ளியையும் என் தங்கையையும் தனித்தனியாக வெட்டி எடுக்க முடியவில்லை. எனவே ஒரே துணியாகவே தருகிறேன். வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். தெருவும் எங்களை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

சின்னவளைத் தியாகி, தெய்வம் என்றெல்லாம் எழுதினால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளை நடத்திக்கொண்டு போனது வயிற்றெரிச்சல். முதலில் என்மேல். பிறகு மேட்டுப் பள்ளியின்மேல்.

எங்கள் வீட்டில் பெண்கள் இருவர், அப்புறம் ஒரு தம்பி. அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளைக்குப் போனார்கள். கைக்குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு, ஒருத்தி தம்பிக்கு என்று முடிவானது. மூத்தவள் என்பதால் பலகை எனக்குக் கிடைத்தது, தம்பி அவளுக்குக் கிடைத்தான். முதல் வாரமே என் பலகைக் குச்சிகள் அத்தனையும் கால்வாயில் போயின. கேட்டதற்கு, "மீனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அடி வாங்கினாள். அடுத்த வாரமும் குச்சிகள் போயின.

தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளி ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். பாடத்தைக் கேட்க வந்தாள் என்று இன்று மேடையில் பேசுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. என்னைப் பார்க்க வந்தாள். நான் தப்பாகச் சொல்லிக் குட்டு வாங்கும்போது அவள் முகம் மலர்வதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். நான் சரியாகச் சொல்லிவிட்டால் தம்பியைக் கிள்ளி அழவைத்து, அந்தச் சாக்கில் போய்விடுவாள்.

அந்த நாளில் பள்ளி என்பது கால்வாய் ஓரத்தில் ஒரு நீளக் கொட்டகை. அதற்கு முன் நகராட்சி தன் குப்பை வண்டிகளை அங்கே நிறுத்தியிருந்தது. வண்டிகள் போன பிறகும் வெயில் ஏறினால் வாடை வரும். ஒரே கொட்டகையில் ஐந்து வகுப்புகள். நடுவில் துணித் திரை. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் நான்காம் வகுப்பின் கணக்கு தப்பும். மணிக்குப் பதிலாகத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு தண்டவாளத் துண்டு.

கால்வாய்க்கு மேலே ஒரு பாலம். அதைத் தாண்டினால் மேட்டுப் பள்ளி. அதுவும் பொதுப் பள்ளிதான், அதே கல்வி அலுவலகத்துக்குக் கீழேதான். ஆனால் செங்கல் கட்டடம், எட்டாவது வரை வகுப்பு, தட்டினால் ஊருக்கே கேட்கும் வெண்கல மணி. நான் ஐந்தாவது முடித்ததும் எங்கள் பள்ளியும் முடிந்துவிட்டது. அப்பா என்னை மேட்டுப் பள்ளிக்கு அழைத்துப்போனார். இடமில்லை என்றார்கள். முதலில் மேட்டுத் தெருப் பிள்ளைகள், பிறகு தெரிந்தவர்களின் பிள்ளைகள், மிச்சமிருந்தால் கால்வாய்த் தெரு. எந்த வருடமும் மிச்சம் இருந்ததில்லை. நான் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன்.

"இப்ப ரெண்டு பேரும் சமம்" என்றாள் சின்னவள்.

சமம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். துணி கொடுக்க வருபவர்களுக்கு நான் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடும்போது அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள். "அப்படி என்னத்தைத்தான் கிறுக்குவியோ" என்பாள்.

அதே தெருவில் கைவண்டி இழுப்பவருக்கு அவளைக் கொடுத்தார்கள். ஒரு பெண் பிறந்தாள். பள்ளியில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றபோது அந்த வேலையும் கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து நேராக என் கடைக்கு வந்தாள்.

"நீ எந்த மூலையில உட்கார்ந்து படிச்சே?"

"கிழக்கு ஜன்னல் பக்கம். ஏன்?"

"அந்த மூலையை இன்னைக்குக் கூட்டல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெஞ்சுகளின் கதையை இங்கே சொல்ல வேண்டும். கல்வி அலுவலகம் ஒரு வருடம் ஒரு லாரி நிறைய பெஞ்சுகளை அனுப்பியது. இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே லாரி. எப்படிப் பிரிப்பது என்று அங்கே யாரோ யோசித்து, பாதியாகப் பிரித்தால் யாருக்கும் போதாது, எனவே வருடத்தைப் பாதியாகப் பிரிக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மேட்டுப் பள்ளிக்கு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எங்களுக்கு. வருடத்துக்கு இரண்டு முறை பெஞ்சுகள் பாலத்தைத் தாண்டும். இழுப்பவர் சின்னவளின் வீட்டுக்காரர். பின்னால் தள்ளிக்கொண்டு போவது சின்னவள்.

அப்படித்தான் மேட்டுப் பள்ளியை உள்ளே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவாள். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

"அக்கா, அங்க பூமி உருண்டை ஒண்ணு வச்சிருக்காங்க. சுத்துது."

"சுத்தட்டும்."

"நம்ம பூமி மட்டும் சுத்த வேணாமா?"

இன்னொரு தடவை சுவரை எண்ணிவிட்டு வந்தாள், இன்னொரு தடவை குழாயை. அந்தப் பள்ளிக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று கேட்டபடியே எங்கள் கொட்டகையைக் கூட்டுவாள். புழுதி எழும்பும். பிள்ளைகள் இருமுவார்கள்.

அவளுடைய பெண் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் இந்த எரிச்சலுக்கு ஒரு வேலை வந்தது. அப்போது தலைமையாசிரியராக இருந்தவரை நாங்கள் கண்ணாடி டீச்சர் என்போம். படிக்க ஒன்று, நடக்க ஒன்று என்று இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருப்பார். எப்போதும் தப்பானதைப் போட்டிருப்பார். அவர் பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த வருடம் சில ஆரம்பப் பள்ளிகளை நடுநிலைப் பள்ளி ஆக்கப்போகிறார்கள். பெற்றோர் குழு ஒன்று வேண்டும். கூடுதலாக மூன்று முழு அறைகள் வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து எழுதினால் ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு திறக்கலாம். இதை விட்டால் இன்னும் ஐந்து வருடத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து அவள் பெண்ணுக்குப் பதினைந்து வயதாகியிருக்கும். என் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னோர் இயந்திரம் போட இடம் இருந்தது. அது சின்னவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி அவள் என் கடையில் நின்றதை நான் மறக்கவில்லை.

"உன் பக்கத்துல என் பொண்ணு உட்கார மாட்டா" என்றாள்.

"நான் கூப்பிடவே இல்லையேடி."

"கூப்பிட்டாலும் வரமாட்டா."

குழுத் தலைவராக யாரும் முன்வரவில்லை. கொத்தனார் தனக்கு வேலை இருக்கிறது என்றார், பால்காரர் தனக்கு மாடு இருக்கிறது என்றார். சின்னவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, நான் இருக்கிறேன் என்றாள். செய்தி பாலத்தைத் தாண்டியது. மேட்டுப் பள்ளிக் குழுவின் தலைவி மரக்கடை முதலாளியின் மனைவி, மரக்கடையம்மா என்பார்கள். "கூட்டுறவ கூட்டம் போடுறாளாம்" என்று அவர் சிரித்ததை அன்றைக்கே யாரோ கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் மூன்று அறைகளும் எழுந்தன என்று நினைக்கிறேன்.

சூளையிலிருந்து உடைந்த செங்கல் கேட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவே மண் சுமந்தது. கட்டியவர் எங்கள் தெருக் கொத்தனார். தெருவில் இருக்கும் எல்லா வீட்டையும் கட்டியவர் அவர்தான். வாசலுக்கு அவர் அளவுகோல் வைப்பதில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தூக்குவார், விரல் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே நிலை. அகலத்துக்கு இரண்டு முழங்கையையும் விரிப்பார். அவரிடம் வேறு அளவே கிடையாது. குடித்துவிட்டு வருபவன் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் தன் வீடு போலவே இருக்கும் என்று கேலி செய்வோம். புது அறைகளின் வாசலையும் அவர் அப்படியே வைத்தார். பழைய தபால் நிலையத்தை இடித்தபோது மிஞ்சிய மூன்று கதவுகளைச் சின்னவளின் வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றி வந்தார். அறைக்கு ஒன்று மாட்டியாயிற்று.

நவம்பர் வந்தது. பெஞ்சுகளைக் கொண்டுவர வண்டி பாலம் தாண்டிப் போனது. போன வேகத்தில் காலியாகத் திரும்பி வந்தது. பின்னால் சின்னவள் வண்டியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நடந்துவந்தாள்.

"தரமாட்டாங்களாம்" என்றார் அவள் வீட்டுக்காரர். "ஆண்டு விழாவாம். முடிஞ்சதும் பார்க்கலாம்னாங்க."

"அதை மட்டும் சொல்லலை" என்றாள் சின்னவள். "'உங்க பிள்ளைங்களுக்குத் தரை பழகினதுதானே'ன்னா அந்த மரக்கடையம்மா. சிரிச்சிக்கிட்டே சொன்னா. பக்கத்துல இருந்த பெஞ்சைத் தடவிக்கிட்டே சொன்னா."

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. அதற்கப்புறம் சின்னவளுக்குக் கண்ணுக்குள் பெஞ்சைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பெஞ்சு இல்லாத பள்ளியை எவன் பள்ளி என்று எழுதுவான் என்று கேட்டாள். கண்ணாடி டீச்சரைக் கேட்கலாமே என்றேன். "அந்த அம்மாவுக்கு முன்னாடி நிக்கிறது யாருன்னே தெரியாது, அவங்களைப் போய்க் கேக்குறதா" என்றாள். டீச்சரும் அந்த வாரம் முழுவதும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் அலைந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை நான் கடையைக் கட்டும் நேரத்தில் வந்தாள்.

"அக்கா, உன் வீட்டுக் கதவு எத்தனை அடி?"

"எதுக்கு?"

"படுக்கப் போட்டா எத்தனை பிள்ளை உட்காரும்னு பாரேன்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் திட்டினேன். திட்டிக்கொண்டே அளவு நாடாவையும் எடுத்தேன். அந்தப் பழக்கம் விடாது.

வியாழக்கிழமை விடிந்ததும் தெருவில் கதவுகள் கழன்றன. கீலிலிருந்து தூக்கி எடுத்து, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே கிடத்தினார்கள். பால்காரர் வீட்டுக் கதவு நல்ல கனம்; நான்கு பேர் தூக்கினார்கள். என் கதவும் போனது. சின்னவளின் பதினேழாம் நம்பர் வீட்டுக் கதவும் போனது. அப்படியும் ஒரு வரிசை குறைந்தது. சின்னவள் சுற்றிப் பார்த்தாள். புது அறைகளில் மூன்று கதவுகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றையும் கழற்றச் சொன்னாள். அதில் ஒன்றை அவள் வீட்டுக்காரர் நடுவில் அறுத்து இரண்டாக்கினார். சின்னப் பிள்ளைகளுக்குத் தாழ்வாக ஒரு வரிசை வந்தது. அறைகளில் கதவுகளைப் பரப்பி முடித்தபோது பார்க்க உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகள் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"மேட்டுப் பள்ளி பெஞ்சு ஆடும்" என்றாள் சின்னவள். "இது ஆடாது."

கண்ணாடி டீச்சர் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆய்வாளரை அழைத்து வந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். முதல் புது அறைக்குள் போனார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். செங்கல்லிலிருந்து ஒரு கதவு சரிந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். அதில் சாவித் துவாரம் இருந்தது. நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். இரண்டாவது அறைக்குப் போனார், வாசலைப் பார்த்தார். மூன்றாவதிலும் பார்த்தார்.

"கதவு எங்கம்மா?" என்றார்.

"உட்கார்ந்திருக்காங்களே சார்" என்றாள் சின்னவள். பெருமையாகவே சொன்னாள்.

"அது இல்லம்மா. இந்த அறைக்குக் கதவு."

"பெஞ்சு இருக்கு சார். எல்லாருக்கும் இருக்கு. எண்ணிப் பாருங்க."

"பெஞ்சு எனக்குத் தேவையில்லை. தரையில உட்கார்ந்து படிக்கலாம்னு விதியிலேயே இருக்கு. முழு அறைன்னா நாலு சுவர், கூரை, சாத்துற கதவு. எட்டாவதுக்குப் பொதுத் தேர்வு வரும், வினாத்தாளைப் பூட்டி வைக்கணும். கதவு இல்லாததை அறைன்னு நான் எழுத முடியாது."

அவள் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். மேட்டுப் பள்ளியில் இருப்பதையே பார்த்துப் பார்த்து, தன்னிடம் இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டாள். மூலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றுகொண்டிருந்த அவள் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கண்ணாடி டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, முதல் முறையாக எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தார். "சார், காலைல வரைக்கும் கதவு இருந்தது" என்றார்.

"இருந்திருக்கலாம் டீச்சர். நான் வந்தப்ப இல்லையே."

சின்னவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "சார் அடுத்து எங்க போறீங்க?"

"மேட்டுப் பள்ளிக்கு. அவங்க ஒன்பதாவது கேட்டிருக்காங்க."

"அதைப் பார்த்துட்டு இந்த வழியாத்தானே பஸ்ஸுக்குப் போகணும்?"

"ஆமா."

"நிறைய இருக்கு சார் அங்க. நிதானமாப் பாருங்க. பூமி உருண்டைகூட இருக்கு. சுத்தும்." மேட்டுப் பள்ளியை அவள் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆய்வாளர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "திரும்பி வரும்போது கதவு இருந்தா, பார்த்ததை எழுதுறேன்" என்று சொல்லிவிட்டுப் பாலத்தின் பக்கம் நடந்தார்.

அவர் முதுகு மறைந்ததும் தெருவே பள்ளிக்குள் வந்தது. தபால் நிலையக் கதவுகளில் முழுதாக இருந்த இரண்டையும் முதல் இரண்டு வாசல்களில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது வாசலுக்குக் கதவு இரண்டு துண்டாகக் கிடந்தது. சின்னவளின் வீட்டுக்காரர் அறுத்த ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது தன்னைத் திட்டமாட்டார்களா என்பதுபோல் நின்றார்.

"பெரியவளே, நாடாவை எடு" என்றாள் சின்னவள். கோபம் வந்தால்தான் அவள் என்னை அப்படிக் கூப்பிடுவாள்.

வாசலை அளந்தேன். கிடந்த கதவுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். கொத்தனாரின் கை எல்லா வாசலிலும் ஒன்றுதான் என்றாலும், வயது ஏற ஏற அவருக்கே கை ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. பழைய வீட்டுக் கதவெல்லாம் நிலையில் இடித்தது. என்னுடையதும் இடித்தது. அதை இன்னொரு தடவை அளந்து பார்த்தேன். நான் படித்த பள்ளி. என் கதவு அங்கே தொங்கியிருக்கலாம். கடைசியாக அவர் கட்டிய வீடு சின்னவளுடையது. பதினேழாம் நம்பர் மட்டும் சரியாக உட்கார்ந்தது.

"இதையும் நீயே தட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

"ஏன், எரியுதா?" என்றாள். கீலில் எண்ணெய் விட்டுக்கொண்டே சிரித்தாள். அவ்வளவு அமளிக்கு நடுவிலும் அவளுக்கு அது இனித்தது.

ஆய்வாளர் தனியாகத் திரும்பவில்லை. மரக்கடையம்மாவும் வழியனுப்புகிற சாக்கில் கூடவே வந்தார். ஆய்வாளர் முதல் கதவைச் சாத்தித் திறந்தார். இரண்டாவதைச் சாத்தித் திறந்தார். மூன்றாவதின் முன் நின்றார். அதில் தகரத்தில் எழுதிய வீட்டு எண் அப்படியே இருந்தது. கீழே, அவள் பெண்ணின் உயரத்தை வருடா வருடம் ஆணியால் கீறிய கோடுகள்.

"இது பள்ளிக்கூடத்துக் கதவாம்மா?"

"ஆமா சார்."

"நம்பர் போட்டிருக்கே."

"வகுப்பு நம்பர் சார்."

"பதினேழாம் வகுப்பா?"

"இன்னைக்கு ஆறு குடுங்க சார். மிச்சம் தானா வரும்."

கொத்தனார் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். "இது?"

"பிள்ளைங்க வளர்றதைப் பார்க்க சார். பள்ளிக்கூடம்னா அது வேணாமா?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மறுபடி திறந்துகொண்டு வந்தவர், "மூணு அறை, கதவோட" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் குழுத் தலைவர் கையெழுத்து என்று தாளை நீட்டினார்.

சின்னவள் இடது கட்டை விரலை நீட்டினாள். மை ஒற்றியை எடுக்க டீச்சர் உள்ளே ஓடினார். அந்த இடைவெளியில் ஆய்வாளர் மேட்டுப் பள்ளித் தாளை எடுத்து, அங்கே வாங்க மறந்த ஒரு கையெழுத்தை மரக்கடையம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா பேனாவை வாங்கி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் எழுதி, கடைசி எழுத்தின் வாலைக் கீழே கொண்டுவந்து ஒரு சுழி போட்டு, அதற்கடியில் இரண்டு புள்ளியும் வைத்தார். வைத்துவிட்டுச் சின்னவளைப் பார்த்து, "விரல் துடைக்கத் துணி வேணுமா?" என்றார். கேட்டது அன்பாகக்கூட இருந்திருக்கலாம்.

விரலை ஒற்றிவிட்டுச் சின்னவள் நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறாம் வகுப்பு கிடைத்துவிட்டது என்று தெருவே ஆடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் கதவில்லை. நான் தைத்துக் கொடுத்த திரை ஆடியது. அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுழியைப் பார்த்தியா அக்கா?"

"கிடைச்சதைப் பாருடி. பொண்ணு ஆறாவது போகப்போறா."

"அவ போவா. நான் அந்தச் சுழியைக் கேக்குறேன்."

சொல்லித் தருகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன்கிட்ட கத்துக்கிட்டா நீ ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே." காட்டியிருப்பேன், அது உண்மைதான். பெண்ணிடமும் கேட்கவில்லை.

அவள் செய்தது இதுதான். சாயங்காலம் கரும்பலகைகளைத் துடைப்பது அவள் வேலை. முதல் வகுப்பில் டீச்சர் எழுதிவிட்டுப் போன எழுத்துகளில் எது தன் பெயரில் வரும் என்று கண்ணாடி டீச்சரிடம் ஒரே ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மற்றதையெல்லாம் துடைத்துவிட்டு, தனக்கு வேண்டிய எழுத்தை மட்டும் கடைசிவரை விட்டுவைப்பாள். அதன்மேலேயே விரலை ஓட்டுவாள். ஓட்ட ஓட்ட அது அழிந்துபோகும். பாடம் அவள் பெயருக்கு வரும் வரிசையில் நடக்கவில்லை. பெயரின் நடு எழுத்து முதலில் வந்தது, முதல் எழுத்து பிப்ரவரியில்தான் வந்தது. என் கடைக்கு வரும்போது அவள் விரல் நுனி வெள்ளையாக இருக்கும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் இல்லாமல் அவள் கற்றுக்கொள்கிறாள் என்பதில் எனக்கு வயிறு எரிந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்ற நாட்களில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் விளங்கியது.

பிறகு வந்தவை இந்தப் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். ஏழும் எட்டும் வந்தன. பெஞ்சைப் பாதிப் பாதி வருடம் மாற்றிக்கொள்ளும் முறை ஒழிந்தது. எங்கள் பெஞ்சுகள் வந்த அன்று சின்னவள் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துத்தான் இறக்கவிட்டாள். குழாய், சுவர், சோதனைச்சாலை எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்து வாங்கியவை. சோதனைச்சாலை திறந்தபோது அதில் வைக்கக் கண்ணாடிக் குடுவை நான்கு மட்டும் இருந்தது. பலகை மட்டும் மேட்டுப் பள்ளிப் பலகையைவிட ஒரு சாண் நீளம். இப்போது மேட்டுப் பள்ளியிலிருந்து எங்கள் பள்ளியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கண் எதன்மேல் நிற்கிறது என்பதை அவள் பின்னாலேயே நடந்து கவனிப்பாள்.

பதினேழாம் நம்பர் கதவு ஆறாம் வகுப்பில்தான் இருக்கிறது. இரண்டு முறை வண்ணம் அடித்தும் தகர எண்ணை எடுக்கவிடவில்லை. கோடுகள் பெருகிவிட்டன, இப்போது அவை யார் யாருடையவை என்று யாராலும் சொல்ல முடியாது. விருந்தினர் வந்தால் தலைமையாசிரியர் அவளை அழைத்துக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். நான் பின்னால் நிற்பேன். "இவங்க அக்கா" என்று அறிமுகம் செய்வார்கள். அங்கே ஐந்து வருடம் படித்தவள் நான்.

ஆறாம் வகுப்பு திறந்த அன்று நானும் போயிருந்தேன். சீருடைகளைத் தைத்தது நான்தான், பொத்தான் அறுந்தால் தைக்க ஊசியோடு நின்றேன். சேர்க்கைப் புத்தகத்தில் முதல் பெயராகச் சின்னவளின் பெண்ணை எழுதினார் கண்ணாடி டீச்சர். எழுதிவிட்டு, பழக்கத்தில் மை ஒற்றியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

சின்னவள் அதை மூடித் திருப்பித் தள்ளினாள்.

பேனாவைக் கரும்பலகைக் குச்சி பிடிப்பதுபோல் பிடித்தாள். முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. இரண்டாவதற்கு நாக்கை வெளியே நீட்டினாள். நடு எழுத்து மட்டும் அச்சடித்ததுபோல் விழுந்தது; அதைத்தான் அதிகம் ஓட்டியிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். கடைசி எழுத்தை முடித்ததும் பேனாவை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு வாலைக் கீழே இறக்கி, மெதுவாக ஒரு சுழி போட்டாள். அதற்குள் இன்னொரு சுழி. அடியில் மூன்று புள்ளி.

மை காயும் வரை புத்தகத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. அதைத் தூக்கி என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அன்று திங்கட்கிழமை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு ஜூன் மாதம் பன்னிரண்டாம் தேதி.